மணிக்கட்டு முறிந்தால் எந்தக் கட்டு?

மணிக்கட்டு முறிவு என்றாலே பெரும்பாலும் கையை ஊன்றி விழுந்த கதைதான். நைட் ஷிப்ட் முடிந்து வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் பைக் சறுக்கும். மெஷின் ஷாப்பில் கூலன்ட் சிந்திய இடத்தில் பூட்ஸ் வழுக்கும். லோடிங் பேயில் பேலட் மேல் ஏறியவருக்குக் கால் தவறும். யோசிப்பதற்குள் உள்ளங்கை தரையில் ஊன்றிவிடும்; உடம்பின் எடை முழுக்க மணிக்கட்டில் இறங்கும்.

அப்போது பெரும்பாலும் உடைவது, முன்கையில் கட்டைவிரல் பக்கம் ஓடும் ஆர எலும்பின் கீழ்முனை. டப்ளினைச் சேர்ந்த சர்ஜன் ஆபிரகாம் காலிஸ் 1814-ல், எக்ஸ்ரே கண்டுபிடிக்க 81 ஆண்டுகள் இருந்தபோதே, இந்த முறிவை விவரித்து எழுதினார். இன்றும் கேஸ் ஷீட்டில் ‘காலிஸ்’ என்றுதான் எழுதுகிறார்கள். இதற்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது, கட்டைவிரலின் அடியில் இருக்கும் ஸ்கேஃபாய்டு என்ற சிறு எலும்பு. அதற்குத் தனிப் பகுதி கீழே இருக்கிறது.

மாவுக்கட்டு, ஃபைபர் கட்டு, பெல்ட், புத்தூர் கட்டு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எந்தக் கட்டையும் மூன்று கேள்விகளால் எடைபோடுங்கள்.

1. வீக்கம் ஏறும் நேரமா, இறங்கும் நேரமா?
2. உடைந்த எலும்பு இடம் மாறக்கூடியதா, அசையாமல் நிற்பதா?
3. எந்த மூட்டு அசையக் கூடாது, எது அசைந்தே ஆக வேண்டும்?

விழுந்த அன்றைக்கும் மூன்றாம் வாரத்துக்கும் இந்தக் கேள்விகளுக்கு ஒரே பதில் வராது. அதனால் கட்டும் மாறத்தான் வேண்டும். முதல் நாள் போட்ட கட்டையே ஆறு வாரமும் வைத்திருந்தால் போதும் என்று நினைப்பதுதான் பல கைகளைக் கெடுக்கிறது.

விழுந்த இடத்தில்: அட்டைச் சிம்பு

முதலில் மோதிரம், வளையல், வாட்ச், கையுறை எல்லாவற்றையும் கழற்றுங்கள். கையுறை வரவில்லை என்றால் கத்தரியால் வெட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வீங்கிய விரலிலிருந்து மோதிரம் வராது. அதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கை கோணியிருந்தால் இழுத்து நேராக்க முயலாதீர்கள். உடைந்த இடத்துக்கு மேல் தோல் கிழிந்திருந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள். வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ள வேண்டாம். அப்படிப்பட்ட கை ஆபரேஷன் தியேட்டர் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே போக வேண்டும்.

ஒரகடம் தொழிற்பேட்டையில் அட்டைப் பெட்டி கிடைக்காத கம்பெனி கிடையாது. பாகங்கள் வந்த பெட்டியிலிருந்து ஒரு பலகை வெட்டிக்கொள்ளுங்கள். விரல் மொளி தொடங்கும் இடத்திலிருந்து முழங்கைக்கு இரண்டு விரல் கீழே வரை நீளம் வேண்டும். அட்டைக்குள் ஓடும் நெளிவுக் கோடுகள் கையின் நீளவாக்கில் இருக்கட்டும். குறுக்கே வைத்தால் அட்டை மணிக்கட்டு இடத்திலேயே மடிந்துவிடும். பக்கங்களை மேலே மடக்கித் தொட்டி போல் செய்து, துண்டோ பஞ்சோ விரித்து, கையை அதில் கிடத்துங்கள். உள்ளங்கையில் ஒரு பேண்டேஜ் சுருளைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். முடிச்சு முறிவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. முறிவின் மீது வேண்டாம். முடிச்சுக்கு அடியில் உங்கள் சுண்டுவிரல் நுழைய வேண்டும். பிறகு துப்பட்டாவிலோ முக்கோணத் துணியிலோ கழுத்திலிருந்து தொங்கவிடுங்கள். கை, முழங்கையைவிட உயரத்தில் நிற்கட்டும்.

பெரிய கம்பெனிகளின் ஓஎச்சி-யில் (ஆலை மருத்துவ மையம்) ‘சாம்’ வகைச் சிம்பு இருக்கும். இரண்டு நுரைத் தாள்களுக்கு நடுவே மெல்லிய அலுமினியத் தகடு. சுருட்டி வைத்திருக்கும்போது துவண்டு கிடக்கும். நீளவாக்கில் நடுவே ஒரு குழிவு கொடுத்தால் விறைத்துக்கொள்ளும். இந்தக் குழிவைப் போடாமல் தட்டையாகவே சுற்றிவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. ஊதி நிரப்பும் காற்றுச் சிம்பு இருந்தால், வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து கையை இறுக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

சிம்பு வைப்பதற்கு முன்பும் பின்பும் ஒரு விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். நகப்பூச்சு இருந்தால் ஒரு விரலிலாவது துடைத்துவிட்டுப் பாருங்கள். சிவக்கவில்லை என்றால் முடிச்சைத் தளர்த்துங்கள். தளர்த்தியும் சிவக்கவில்லை என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழைத்துக் கிளம்புங்கள்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 150 தொழிலாளர்களுக்கு ஒன்று என்ற கணக்கில் முதலுதவிப் பெட்டியையும், 500 பேருக்கு மேல் உள்ள ஆலையில் ஆம்புலன்ஸ் அறையையும் கட்டாயமாக்கியது. உங்கள் லைனுக்குரிய பெட்டியில் சிம்பு இருக்கிறதா என்று இந்த வாரமே திறந்து பாருங்கள்.

கட்டுப் போடும் அறையில்: ஸ்லாப்

ஸ்ரீபெரும்புதூர் அரசு மருத்துவமனை, காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனை, செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி, தண்டலம் சவீதா என்று இந்த வட்டாரத்தில் எங்கே போனாலும் முதலில் எக்ஸ்ரே எடுப்பார்கள். எலும்பு விலகியிருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, இழுத்துச் சேர்த்து, ஸ்லாப் வைப்பார்கள். ஸ்லாப் என்பது பாதி மாவுக்கட்டு. “முழுக் கட்டாகவே போட்டு அனுப்புங்க சார்” என்று கெஞ்சுகிறவர்கள் உண்டு. கெஞ்ச வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம் ஏறும். கையைச் சுற்றி முழுவதும் மூடிய கட்டுக்குள் வீக்கத்துக்குப் போக இடமில்லை. ஸ்லாப்பில் ஒரு பக்கம் மாவு இல்லாமல் வெறும் துணி இருப்பதால் விரிந்துகொடுக்கும்.

பெரியவர்களின் முன்கைக்கு மாவு பேண்டேஜை எட்டுப் பத்து அடுக்காக மடித்து, தண்ணீரில் முக்கி, குமிழி நின்றதும் எடுத்து, லேசாகப் பிழிந்து, பஞ்சுச் சுருள் சுற்றிய கையின் மேல் படியவைப்பார்கள். ஜிப்சம் இறுகும்போது சூடு கிளம்பும், இளஞ்சூடு இயல்புதான். சுடுதண்ணீரில் முக்கி, அடுக்கையும் கூட்டிவிட்டால் தோல் வெந்துபோகும். பொறுக்க முடியாமல் சுட்டால் அப்போதே சொல்லிவிடுங்கள்.

ஸ்லாப்பில் மூன்று வகை பரவலாக உண்டு.

முன்கை ஸ்லாப்: புறங்கைப் பக்கமோ உள்ளங்கைப் பக்கமோ வைப்பது. மணிக்கட்டை மட்டும் நிறுத்தும். விலகாத, அசையாத முறிவுக்குப் போதும்.

சுகர்-டாங் ஸ்லாப்: உள்ளங்கையில் தொடங்கி, முழங்கையைச் சுற்றி வந்து, புறங்கையில் முடியும் ஒரே பட்டை. சாவி திருகுவது போல முன்கை திரும்புவதை இது தடுக்கும். இழுத்துச் சேர்த்த எலும்புக்கு முதல் சில நாட்கள் ஏற்றது.

முழங்கைக்கு மேல் ஸ்லாப்: முழங்கையையும் சேர்த்து நிறுத்தும். பாரம் அதிகம். முழங்கை, தோள் இரண்டும் சீக்கிரம் இறுகிப்போகும். அதனால் எத்தனை நாள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எதுவாக இருந்தாலும் கட்டு உள்ளங்கை ரேகையோடு நின்றுவிட வேண்டும். அறையை விட்டு வெளியே வருமுன் ஐந்து விரலையும் மடக்கிப் பாருங்கள். விரல் மொளிகள் நன்றாக மடங்காவிட்டால் கட்டு நீளமாகிவிட்டது என்று அர்த்தம். அங்கேயே கத்தரித்துத் தரச் சொல்லுங்கள். ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிடும். ஆனால் அதுவரை மடங்காத விரல் பழையபடி மடங்கப் பல மாதம் ஆகும். மணிக்கட்டைக் கீழ்நோக்கி அளவுக்கு மீறி மடக்கிக் கட்டியிருந்தாலும் ஆபத்து: நடு நரம்பு நசுங்கி, கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போகும்.

மாவா, ஃபைபரா?

வீக்கம் வடிந்த பிறகு, வழக்கமாக ஒரு வாரத்தை ஒட்டி, மறு எக்ஸ்ரே பார்த்துவிட்டு முழுக் கட்டுப் போடுவார்கள். அப்போதுதான் இந்தக் கேள்வி வரும்.

மாவுக்கட்டு 1850-களில் டச்சு ராணுவ மருத்துவர் மாதெய்சன் பரப்பிய முறை. விலை குறைவு; எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும். கையின் வளைவுக்கேற்ப நன்றாகப் படியும் என்பதால், இழுத்துச் சேர்த்த எலும்பு நகராமல் மூன்று இடத்தில் அழுத்தம் கொடுத்து வார்க்க டாக்டருக்கு வசதி. குறைகளும் உண்டு. கனமானது. முழுதாகக் காய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதுவரை அதன் மேல் சாய்ந்தால் குழி விழும், அந்தக் குழி தோலைப் புண்ணாக்கும். நனைந்தால் கரைந்துவிடும்.

ஃபைபர் கட்டு, பாலியூரித்தேன் ஊறிய கண்ணாடியிழைப் பட்டை. சில நிமிடத்தில் இறுகி, அரை மணியில் உறுதியாகிவிடும். எடை குறைவு, எக்ஸ்ரேயில் எலும்பு தெளிவாகத் தெரியும். விலை கூடுதல். மாவைவிட விறைப்பானது, விட்டுக்கொடுக்காது. ஆகவே வீக்கம் ஏறும் நாட்களில் மாவைவிட இதற்குத்தான் பயப்பட வேண்டும்.

“ஃபைபர் என்றால் குளிக்கலாம்” என்ற பேச்சை நம்பாதீர்கள். வெளிப்பட்டைக்குத் தண்ணீரால் சேதமில்லை. உள்ளே இருக்கும் பஞ்சு நனைந்தால் காயவே காயாது. சித்திரை வெயிலில் சுங்குவார்சத்திரம் பக்கத்துத் தகரக் கூரை அறையில் வேர்வையே போதும், அரிப்பு ஆளைத் தின்னும். ஸ்கேல், ஊசி, ஸ்போக் கம்பி எதையும் உள்ளே விட்டுச் சொறியாதீர்கள். கீறல் புண்ணாகி, கட்டைத் திறக்கும்போதுதான் தெரியும். குளிக்கும்போது பிளாஸ்டிக் பை, மேலே ரப்பர் பேண்ட், கை வாளிக்கு வெளியே: மாவுக்கும் ஃபைபருக்கும் இது பொது விதி.

முடிவு: முதல் வாரம் மாவு ஸ்லாப். எலும்பு நகரக்கூடியது என்றால் அதன் பிறகும் நன்றாக வார்த்த மாவுக்கட்டு. நகராத முறிவு, வீக்கமும் வடிந்துவிட்டது, காசும் இருக்கிறது என்றால் ஃபைபர். எலும்பு கூடும் வேகம் இரண்டிலும் ஒன்றுதான். ஃபைபருக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் உங்கள் வசதிக்கான பணம்.

மெடிக்கலில் வாங்கும் பெல்ட்

உள்ளங்கைப் பக்கம் அலுமினியப் பட்டை வைத்து, வெல்க்ரோவால் இறுக்கும் ரிஸ்ட் பெல்ட் மூன்று பேருக்குப் பொருத்தம். கட்டுப் பிரித்தபின் சில வாரம் துணை வேண்டுகிறவர்கள். எலும்பு விலகவே இல்லை என்று எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொன்னவர்கள். எலும்பு நசுங்கி ஓரம் புடைத்த ‘பக்கிள்’ முறிவு உள்ள குழந்தைகள். கடைசி வகைக்கு நல்ல சான்று இருக்கிறது: பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 965 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2022-ல் லான்செட் இதழில் வந்தது. சாதாரணத் துணிக்கட்டுப் போட்ட குழந்தைகளுக்கும் உறுதியான கட்டுப் போட்ட குழந்தைகளுக்கும் வலியிலோ குணமாவதிலோ வேறுபாடு இல்லை.

எக்ஸ்ரே எடுக்காமல், விழுந்த இரவே மெடிக்கலில் பெல்ட்டோ க்ரேப் பேண்டேஜோ வாங்கி இறுக்கிக்கொண்டு மறுநாள் லைனில் நிற்பதுதான் இங்கே நடக்கும் தவறு. சுளுக்கு என்று நினைத்தது முறிவாக இருந்தால் பெல்ட் அதைப் பிடித்து நிறுத்தாது. பட்டை இல்லாத ஜிம் பெல்ட் இன்னும் மோசம். அது துணி, அவ்வளவுதான். வாங்கும்போது இடது வலது பாருங்கள். மணிக்கட்டின் சுற்றளவை அளந்து சைஸ் எடுங்கள்.

எக்ஸ்ரேயில் இல்லை, ஆனால் வலிக்கிறது

கட்டைவிரலை மேலே விரித்து நீட்டினால், அதன் அடியில் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு குழி தெரியும். விழுந்தபின் அந்தக் குழியில் அழுத்தினால் வலி உயிர் போகிறதென்றால் ஸ்கேஃபாய்டு முறிந்திருக்கலாம். இந்த முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். இந்த எலும்புக்கு ரத்தம் ஒரு முனையிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. முறிவைக் கவனிக்காமல் விட்டால் மறுமுனை செத்து, வருஷங்கள் கழித்து மணிக்கட்டு மூட்டே தேய்ந்துபோகும்.

எனவே எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் கட்டைவிரலையும் சேர்த்த ஸ்லாப் போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். அல்லது எம்ஆர்ஐ பார்ப்பார்கள். முறிவு உறுதியான பிறகு கட்டைவிரலைச் சேர்க்கத்தான் வேண்டுமா என்பதில் டாக்டர்களிடையே இரண்டு கருத்து உண்டு. அதை அவர்களிடம் விடுங்கள். இரண்டாவது எக்ஸ்ரேக்குப் போவது மட்டும் உங்கள் பொறுப்பு. பைக்கில் விழுந்த இளைஞர்கள் தவறவிடுவது இதைத்தான்.

புத்தூர் கட்டு

சென்னை–திருப்பதி சாலையில் நகரியைத் தாண்டினால் புத்தூர். மூங்கில் பத்தை, பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, துணி ஆகியவற்றால் அங்கே போடும் கட்டுக்கு வட தமிழ்நாட்டில் தலைமுறைகளாக நம்பிக்கை இருக்கிறது. ஊருக்கு ஊர் அந்தப் பெயரில் போர்டும் இருக்கிறது. செலவு குறைவு, கத்தி இல்லை, சொந்தக்காரர் ஒருவருக்குக் கூடியிருக்கும். போகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

நம் மூன்று கேள்விகளையே இங்கேயும் கேட்போம். மூங்கில் பத்தை விறைப்பானது. வெள்ளைக்கரு காய்ந்த துணியும் விறைக்கும். விலகாத முறிவை அது அசையாமல் பிடிக்கும், எலும்பும் கூடும். சிக்கல் முதல் இரண்டு கேள்வியில். வீக்கம் ஏறும் நாளில் கையைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் ரத்தம் நிற்கும். ஆறு மணி நேர அளவில் தசை சாகத் தொடங்கும். விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும், சில சமயம் கையையே எடுக்க நேரும். எக்ஸ்ரே இல்லாமல் எலும்பு விலகியதா, மூட்டுக்குள் பிளந்ததா என்று தொட்டுப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

போயே தீருவேன் என்பவருக்கு: முதலில் எக்ஸ்ரே எடுங்கள், தோல் கிழிந்திருந்தால் போகவே வேண்டாம், குழந்தையைக் கொண்டுபோக வேண்டாம், எண்ணெய் போட்டு உருவ விடாதீர்கள், விரல் மரத்தால் அடுத்த தவணைக்குக் காத்திருக்காமல் கட்டை அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆபரேஷன் சொன்னால்

மூட்டுக்குள் பிளந்த முறிவு, பல துண்டாக நொறுங்கியது, சேர்த்தும் நிற்காதது, திறந்த காயம்: இவற்றுக்குக் கம்பியோ பிளேட்டோ தேவைப்படலாம். இழுத்துச் சேர்க்க முடிந்த முறிவுக்கு நிலைமை வேறு. பிரிட்டனில் 500 பேரை வைத்து நடந்த ஆய்வில், சேர்த்தபின் கட்டு மட்டும் போட்டவர்களும் கம்பி செருகியவர்களும் ஒரு வருஷம் கழித்து ஒரே அளவு குணமாகியிருந்தார்கள் என்று 2022-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டது. ஆனால் கட்டு மட்டும் போட்டவர்களில் எட்டில் ஒருவருக்கு முதல் ஆறு வாரத்துக்குள் எலும்பு நகர்ந்து ஆபரேஷன் தேவைப்பட்டது. முதல் இரண்டு வாரமும் தவறாமல் எக்ஸ்ரேக்கு வரச் சொல்வது இதனால்தான்.

ஆறு வாரமும் அதற்குப் பிறகும்

முதல் இரண்டு நாள் கையைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். விரல்களை மணிக்கு ஒருமுறை முழுதாக மடக்கி நீட்டுங்கள். தோளையும் முழங்கையையும் அசையுங்கள். முதல் இரவு பக்கத்தில் படுப்பவரிடம் சொல்லி வையுங்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த 18,720 பேருக்கான சிப்காட் விடுதியானாலும், ஆறு பேர் தங்கும் வாடகை வீடானாலும், நடுஇரவில் ஒருமுறை எழுந்து விரல் நிறம் பார்க்க அறைத்தோழி ஒருவர் போதும்.

கட்டோடு பைக் ஓட்டாதீர்கள். பிரேக்கும் கிளட்சும் பிடிக்க வராது. கட்டுப் பிரித்த மறுநாளே போல்ட் இறுக்கும் டார்க் கன் பிடிக்கவும் முடியாது. பிடிபலம் திரும்ப மூன்று மாதமாவது ஆகும். எத்தனை கிலோ தூக்கலாம், அதிர்வுக் கருவி பிடிக்கலாமா என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, லைட் டூட்டி கேளுங்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே முறிந்த ஐம்பது வயதைக் கடந்த கேன்டீன், ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் எலும்பு அடர்த்தியையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

மறக்கக் கூடாத காகிதங்கள்

வேலையிடத்தில் விழுந்தால் அன்றே விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். இஎஸ்ஐ உள்ளவருக்கு (2017 முதல் மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய்) வேலைக் காயத்தால் வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீத அளவில் பணம் உண்டு. சாதாரண நோய் விடுப்புக்கு 70 சதவீதம்தான். ‘வீட்டில் விழுந்தேன்’ என்று எழுதச் சொன்னால் இந்த வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள். வேலைக் காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சேர்ந்த முதல் நாளே பொருந்தும். காண்ட்ராக்ட் ஆளுக்கும் உண்டு. வீட்டுக்கும் கம்பெனிக்கும் இடையே வழியில் நடந்த விபத்தும், வேலையோடு தொடர்புள்ளது என்று காட்ட முடிந்தால், வேலைக் காயமாகவே கொள்ளப்படும்.

சாலை விபத்து என்றால் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கிய இத்திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தோழர்களுக்கும் இது பொருந்தும்; அவர்களிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, கட்டு எந்த வகையாக இருந்தாலும் இந்த ஐந்தில் ஒன்று வந்தால் உடனே கிளம்ப வேண்டும்: மாத்திரைக்கு அடங்காமல் ஏறும் வலி, விரலை மற்றவர் நீட்டும்போது தாங்க முடியாத வலி, மரத்துப்போதல், விரல் வெளுப்பதோ நீலம் பாரிப்பதோ, கட்டுக்குள்ளிருந்து நாற்றம். சொந்த ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்றில்லை; கட்டை வெட்டித் தளர்த்த எந்த அவசரப் பிரிவும் போதும். கட்டு வீணாகிவிடுமே என்று காலை வரை பொறுக்காதீர்கள். வேறு கட்டு நாளைக்கும் போட்டுக்கொள்ளலாம்.